நீங்கள்தான் அந்த இன்ஜினீயர்!

எம்.பி.ஏ. படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், அவன் பையைத் திறந்து ஸ்டேபிள் போட்ட காகிதக் கத்தை ஒன்றை உருவிப் பாருங்கள். முதல் பாராவிலேயே ஒரு எம்.டி. ஜன்னல் வழியே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் கம்பெனிக்கு ஏதோ ஒரு சங்கடம். திங்கட்கிழமை போர்டு மீட்டிங். அதற்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பிறகு பத்து, இருபது பக்கத்துக்குக் கம்பெனியின் பூர்வீகம், லாப நஷ்டக் கணக்கு, பட்டியல்கள், படங்கள். கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும் என்று புரட்டினால் ஏமாந்துபோவீர்கள். ‘நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டுவிட்டு முடிந்துபோயிருக்கும்.

இதற்குப் பெயர்தான் கேஸ் ஸ்டடி. 1870களில் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் லாங்டெல் என்கிற பேராசிரியர் ஆரம்பித்துவைத்த பழக்கம். சட்டத்தை மனப்பாடம் செய்யாதே, நிஜ வழக்குகளின் தீர்ப்பைப் படித்து, அதற்குள் சட்டம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று நீயே கண்டுபிடி என்றார். 1900ல் அதே ஹார்வர்டில் மருத்துவம் படித்த வால்டர் கேனன், ‘பக்கத்தில் சட்டம் படிக்கிறவர்கள் இவ்வளவு உற்சாகமாகச் சண்டை போட்டுப் படிக்கிறார்களே, நாம் மட்டும் ஏன் லெக்சரில் தூங்குகிறோம்?’ என்கிற மாதிரி யோசித்து, மருத்துவத்துக்கும் இதைக் கொண்டுவரச் சொல்லிக் கட்டுரை எழுதினார். 1920களில் பிசினஸ் ஸ்கூல் அதைத் தத்தெடுத்துக்கொண்டது. 1961ல் அகமதாபாத்தில் ஐ.ஐ.எம். ஆரம்பித்தபோது ஹார்வர்டின் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்ததால், கேஸும் கூடவே கப்பல் ஏறி வந்துவிட்டது. இன்று சின்ன ஊர் எம்.பி.ஏ. காலேஜ் வரைக்கும் அதுதான்.

அமெரிக்கச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம்மிடம் ஏற்கெனவே ஒரு மகா பெரிய கேஸ் ப்ரொஃபஸர் இருந்தார். முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்குவார். பெயர், வேதாளம்.

யோசித்துப் பாருங்கள். வேதாளம் என்ன செய்கிறது? பாதி வழியில் ஒரு கதை சொல்கிறது. மூன்று பேர், ஒரு பெண், ஒரு இக்கட்டு. கதை முடிந்ததும், ‘இவர்களில் யார் செய்தது சரி? விடை தெரிந்தும் நீ வாயைத் திறக்காவிட்டால் உன் தலை சுக்குநூறாக வெடிக்கும்’ என்கிறது. இந்தக் காலத்து எம்.பி.ஏ. வகுப்பில் ‘கிளாஸ் பார்ட்டிசிபேஷன்’ என்று இருபது, முப்பது மார்க் வைத்திருக்கிறார்களே, அது கிட்டத்தட்ட இந்தத் தலைவெடி ஷரத்துதான். விக்கிரமாதித்தனும் அசராமல் பதில் சொல்கிறான். சொன்ன உடனே வேதாளம் மறுபடி மரத்துக்கு ஓடிவிடுகிறது. அடுத்த கேஸ்!

சின்ன வயதில் அம்புலிமாமாவில் இந்தப் படத்தைப் பார்த்த எல்லோருக்கும் ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். ராஜா கையில் வாள், தோளில் பிணம். இத்தனை கேள்விகளுக்கும் அவன் பதில் சொன்னது ஒரு பிணத்தைச் சுமந்துகொண்டுதான்.

அந்தப் பிணத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேச நினைக்கிறேன்.

நான் படித்தது பி.காம். எங்களுக்குக் கேஸ் எல்லாம் கிடையாது, கணக்குதான். காஸ்ட் அக்கவுன்டிங்கில் ‘ஷட் டவுன் பாயின்ட்’ என்று ஒரு பாடம். எக்ஸ் லிமிடெட் என்று ஒரு கம்பெனி. அது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது, யாருக்கும் தெரியாது. ஓடினால் நிலையான செலவு இரண்டு லட்சம். மூடிவிட்டாலும் ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆகும். மூடினால் தொழிலாளர்களுக்குக் கொடுக்கவேண்டிய ஆட்குறைப்பு நஷ்டஈடு இருபதாயிரம். ஒரு பொருளுக்குக் கிடைக்கும் பங்களிப்பு ஆறு ரூபாய். எத்தனை பொருளுக்குக் கீழே விற்பனை போனால் கம்பெனியை மூடலாம்?

மூடினால் மிச்சமாவது எண்பதாயிரம். அதில் நஷ்டஈடு இருபதாயிரம் போக அறுபதாயிரம். ஆறால் வகுத்தால் பத்தாயிரம். ‘பத்தாயிரம் பொருளுக்குக் கீழே போனால் மூடிவிடுவதே லாபகரம்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டால் முழு மார்க். நஷ்டஈட்டை மறந்தவனுக்கு மட்டும் இரண்டு மார்க் போய்விடும். அதாவது எக்ஸ் லிமிடெட்டின் தொழிலாளர்கள் மொத்தமாகச் சேர்ந்து இரண்டு மார்க் பெறுவார்கள்.

அந்தக் கணக்கைக் கைப்பழக்கத்தில் போட்டுக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்குக்கூட, கிண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் ஒருமுறை போய் நிற்கத் தோன்றியதில்லை. 1958ல் ஆரம்பித்த எஸ்டேட். சின்னச் சின்ன ஷெட்டுகள், லேத்து, பிரஸ், மோல்டிங். எட்டுப் பேர், பன்னிரண்டு பேர் வேலை செய்கிற இடங்கள். அங்கே ஒரு ஷட்டர் நிரந்தரமாக இறங்கினால் அதற்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் வரைக்கும் கணக்கு இடிக்கும். எங்கள் புத்தகத்தில் டீக்கடைக்கு காலம் கிடையாது.

அதனால் கேஸ் ஸ்டடி என்பதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இதில் கம்பெனிக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, மனிதர்கள் இருக்கிறார்கள். ஹார்வர்டு 1993ல் வெளியிட்ட கேஸ்களில் ஒன்று நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. எழுதியவர் அங்கே பேராசிரியராக இருந்த கஸ்தூரி ரங்கன். டாக்டர் வெங்கடசாமி, அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976ல் பதினோரு படுக்கையோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி, பணம் கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்கு இலவசமாகவே ஆபரேஷன் செய்து, அப்படியும் நஷ்டம் இல்லாமல் எப்படி ஓடுகிறது என்பதை உலகம் முழுக்க மாணவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு படித்தார்கள். மதுரையைத் தாண்டி யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியிராத ஒரு வேலை ஒழுங்கு, கேஸாக எழுதப்பட்டதால் பாஸ்டனில் விவாதப் பொருளானது. எக்ஸ் லிமிடெட்டால் இது முடியுமா?

ஆகவே நான் கேஸ் கட்சி. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஏனென்றால் இனி சொல்லப்போவது கொஞ்சம் எதிராக இருக்கும்.

கிண்டியில் மாலை நேர எம்.பி.ஏ. நடத்துகிற ஒரு கல்லூரி. ஆறரை மணிக்கு வகுப்பு. பகலில் எஸ்டேட்டில் சூப்பர்வைசர், ஒலிம்பியா பக்கம் ஐ.டி. வேலை, பேங்க் கவுன்ட்டர் என்று இருக்கிறவர்கள், மெட்ரோவிலிருந்து இறங்கி, ஒரு சமோசாவை வாயில் போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். அங்கே பாடம் எடுக்கும் நண்பர் ஒருவர், ‘ஹார்வர்டு கேஸே எத்தனை நாள் நடத்தறது? நம்ம ஊர் கேஸ் ஒண்ணு நானே எழுதியிருக்கேன், வந்து பாருங்க’ என்று கூப்பிட்டார். போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

நான்கு பக்கக் காகிதம். முதல் வரி: ‘2015 டிசம்பர் 1. நீங்கள்தான் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பொறுப்பான இன்ஜினீயர்.’

எனக்கே சுருக்கென்றது.

விவரம் மறந்தவர்களுக்காக. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னையின் குடிதண்ணீர் நம்பியிருக்கிற ஏரிகளில் ஒன்று. உபரித் தண்ணீரைத் திறந்தால் அது அடையாற்றில் சேர்ந்து, மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாஃபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஊருக்கு நடுவே புகுந்துதான் கடலுக்குப் போக வேண்டும். அந்த வருஷம் நவம்பரிலேயே சென்னையில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்திருந்தது. நூறு வருஷத்தில் பார்க்காத நவம்பர். ஏரிகளெல்லாம் தளும்பி நின்றன. டிசம்பர் 1 அன்று மறுபடி ஆரம்பித்த மழை, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். ஏரியிலிருந்து திறந்த தண்ணீர் படிப்படியாக ஏற்றப்பட்டு நொடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது.

நொடிக்கு 29,000 கன அடி என்றால் எவ்வளவு? பி.காம். புத்தி சும்மா இருக்காது, அங்கேயே காகித ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம். ஆக, நொடிக்கு எட்டு லட்சத்து இருபதாயிரம் லிட்டர். தெருவில் வரும் 12,000 லிட்டர் தண்ணி லாரி, நொடிக்கு 68 லாரி. நீங்கள் இந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் சில நூறு லாரிகள் போயாயிற்று. அதுவும் தாம்பரம், முடிச்சூர் பக்கத்து ஏரிகளிலிருந்து ஏற்கெனவே நிறைந்து ஓடிய ஆற்றின் தலையில்.

நண்பர் சாமர்த்தியமாகத்தான் எழுதியிருந்தார். இன்ஜினீயருக்கு முன்னால் இரண்டு பயங்கள். முன்கூட்டியே திறந்துவிட்டு மழை ஏமாற்றினால், கோடையில் ஊர் குடத்தோடு நிற்கும். திறக்காமல் வைத்திருந்து மழை கொட்டினால், மண் கரை தாங்காது. கரை உடைந்தால் அதற்கப்புறம் நடப்பதை யாரும் கணக்குப் போட முடியாது. காகிதத்தில் இருந்தவர்கள் இன்ஜினீயர், மேலதிகாரிகள், கலெக்டர், செகரெட்டரி, வானிலை மையம். கேள்வி: எப்போது, எவ்வளவு திறப்பீர்கள்? யார் அனுமதிக்குக் காத்திருப்பீர்கள்?

வகுப்பு பற்றிக்கொண்டது. ‘நவம்பர் இருபத்தஞ்சுலயே பாதியாக் குறைச்சிருக்கணும் சார்!’ என்றான் ஒருவன். கைதட்டல். நண்பர் வேதாளமாக மாறினார். ‘சரி, நீ குறைச்சுட்டே. மழை வரலை. 2019 ஜூன்ல இதே ஏரி கட்டாந்தரையாக் கிடந்துது. ஜோலார்பேட்டையிலேருந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்தாங்க. அன்னிக்கு உன்னை என்ன சொல்லியிருப்பாங்க?’ அவன் உட்கார்ந்தான். இன்னொருவன் லேப்டாப்பில் சாத்தியக்கூறு போட்டு, எதிர்பார்க்கும் நஷ்டம் இவ்வளவு என்று ஒரு எண்ணைச் சொன்னான். நண்பர், ‘2018ல சட்டசபையில வெச்ச சி.ஏ.ஜி. ரிப்போர்ட், ஏரியில இன்னும் இடம் இருந்தும் இவ்வளவு திறந்தாங்க, இது மனுஷன் உண்டாக்கின பேரழிவுன்னு சொல்லுது. அரசாங்கம் இல்லவே இல்லைன்னுது. நீங்க யார் பக்கம்?’ என்று அடுத்த விறகைச் செருகினார். ஒன்றரை மணி நேரம் போனது தெரியவில்லை. கை தூக்கச் சொன்னதில், படிப்படியாக முன்கூட்டியே திறக்கும் கட்சி ஜெயித்தது.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண். இரண்டு கட்சிக்கும் கை தூக்கவில்லை.

‘நீ என்னம்மா சொல்றே?’

‘அப்ப நாங்க ஜாஃபர்கான்பேட்டைல கீழ் வீட்டுல இருந்தோம் சார். நான் ப்ளஸ் ஒன். ராத்திரி தண்ணி பாய்க்கு அடியில வந்துதான் எழுப்புச்சு.’

வகுப்பு அமைதியானது.

‘திறந்தது சரியா தப்பான்னு எனக்குச் சொல்லத் தெரியலை சார். ஏரி உடைஞ்சிருந்தா நாங்க யாருமே இருந்திருக்க மாட்டோம்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது. ஆனா இவ்வளவு நேரம் பேசினோம். திறக்கறதை எங்ககிட்ட யார் வந்து சொல்லணும்னு ஒருத்தரும் கேக்கலையே சார். இந்தப் பேப்பர்லயும் அது இல்லை.’

லேப்டாப் பையன் நல்லவன்தான். உதவி செய்கிற தொனியில்தான் சொன்னான்: ‘அது கம்யூனிகேஷன் இஷ்யூ. அடுத்த செமஸ்டர்ல வரும்.’

அரசாங்கம் எச்சரிக்கை விடவில்லையா என்று கேட்டால், விட்டோம் என்றுதான் சொன்னது. கேள்விப்படவே இல்லை என்று கரையோரத்து ஜனங்கள் சொன்னார்கள். அன்று மின்சாரம் இல்லை, பல இடங்களில் செல்போன் இல்லை. 1878ல் ஆரம்பித்த ‘தி ஹிந்து’வே மறுநாள் சென்னையில் அச்சாகவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்களால் போய்ச் சேர முடியவில்லை. செய்தி என்கிற சரக்கே அன்று தண்ணீரில் போய்விட்டது. எச்சரிக்கை புறப்பட்டதா, போய்ச் சேர்ந்ததா என்பது இரண்டு வேறு கேள்விகள். வகுப்பில் அந்த இரண்டையுமே யாரும் கேட்கவில்லை என்பதுதான் அந்தப் பெண் சொன்னது.

இத்தனைக்கும் அங்கே இருந்தவர்கள் யாரும் கல்நெஞ்சர்கள் இல்லை. பாதிப் பேர் அந்த டிசம்பரில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டியவர்களாகக்கூட இருக்கலாம். அப்புறம் ஏன் தோன்றவில்லை?

நாற்காலிதான் காரணம் என்பது என் கட்சி. ‘நீங்கள்தான் அந்த இன்ஜினீயர்’ என்று முதல் வரியிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிடுகிறார்கள். உட்கார்ந்ததும் அங்கிருந்து என்ன தெரியுமோ அதுதான் தெரியும். ஷட்டர் தெரியும், மேலதிகாரி தெரியும், நாளைக்கு வரப்போகிற விசாரணை தெரியும். பல கிலோமீட்டர் தள்ளி, ஒரு கீழ் வீட்டில் பாய் விரித்துப் படுத்திருக்கிற ப்ளஸ் ஒன் பெண் தெரிய மாட்டாள். அவளுக்கு இந்த நான்கு பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் உண்டு: ‘தாழ்வான பகுதிகள்’.

உலகத்துக் கேஸ்களில் பெரும்பாலானவற்றை எடுத்துப் பாருங்கள், நாற்காலி எப்போதும் மேல்மாடியில்தான் இருக்கும். நீங்கள்தான் எம்.டி., நீங்கள்தான் மார்க்கெட்டிங் தலைவர். ‘நீங்கள்தான் ஷட்டர் இறங்கிய லேத்து பட்டறையில் பதினோராவது ஆள்’ என்று ஆரம்பிக்கிற கேஸ் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. முடிவு எடுப்பவனைத்தானே தயார் செய்ய வேண்டும் என்பார்கள். முடிவு எடுப்பவனுடைய கண்ணாடி வழியாகவே பார்த்துப் பழகினால், கண்ணாடியில் கீறல் இருப்பது எப்படித் தெரியும்? அமெரிக்காவில் என்ரான் 2001ல் கவிழ்வதற்கு முன்னால், அதன் புதுமையைப் பாராட்டி ஹார்வர்டிலேயே கேஸ்கள் எழுதி நடத்தினார்கள். நம் ஊர் சத்யம், 2009 ஜனவரியில் ராமலிங்க ராஜு கடிதம் எழுதிக் கணக்கு மோசடியை ஒப்புக்கொள்ளும் வரைக்கும் நல்ல நிர்வாகத்துக்கு உதாரணம். அதற்கு முந்தைய வருஷம்தான் அதற்காக ஒரு விருதும் வாங்கியது. ஒப்புக்கொண்ட பிறகு மோசடிக்கு உதாரணம். பாடம் மாறியது, நாற்காலி மாறவில்லை. முன்பும் பின்பும் சேர்மன் அறைக்குள்தான் வகுப்பு நடந்தது.

இன்னொரு பழைய கேஸ் நமக்கு மனப்பாடம். பாண்டியன் நெடுஞ்செழியனிடம் ஒரு ஃபைல் வருகிறது. ராணியின் சிலம்பு காணோம், திருடன் கையில் சிலம்போடு பிடிபட்டான், தகவல் கொடுத்தவர் அரண்மனைப் பொற்கொல்லர். நாற்காலியிலிருந்து பார்த்தால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ராஜா முடிவெடுத்துவிட்டார். ஃபைலில் இல்லாத ஓர் ஆள், இன்னொரு சிலம்போடு, தலைவிரி கோலமாக, வாசலில் வந்து நின்ற பிறகுதான் கேஸ் என்னவென்றே அவருக்குத் தெரிகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தெரிந்த அந்த நிமிஷமே பாண்டியன் சிம்மாசனத்திலிருந்து விழுந்து உயிரை விட்டார். கமிஷன் வைக்கவில்லை.

இதையெல்லாம் என் டாக்டர் நண்பரிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ‘நீ பத்திரிகைக்காரன், உனக்கு உருக்கம் வேணும். எங்களைப் பார். ஒரு நோயாளியைச் சுத்தி பத்து ஸ்டூடன்ட் நின்னு, இவருக்கு என்னன்னு வாதம் பண்ணுவோம். அவங்க ஒவ்வொருத்தனும் அந்த ஆளுக்காக அழுதுக்கிட்டிருந்தா எவனும் வைத்தியம் கத்துக்க மாட்டான். கொஞ்சம் தள்ளி நின்னாத்தான் கத்தி நேராப் போகும்’ என்றார்.

நியாயமான வாதம். இதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. வண்டியில் வீடு திரும்பும்போது கத்திப்பாரா மேம்பாலத்தில் வழக்கம்போல் தப்பான இறக்கத்தில் இறங்கிவிட்டு (சென்னைக்காரர்கள் மன்னிப்பார்கள்) யோசித்துக்கொண்டே வந்தேன். அவர் சொன்ன வகுப்பில் நோயாளி கட்டிலிலேயே படுத்திருக்கிறார். அதுதான் வித்தியாசம். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். ‘இங்க அமுக்கினா வலிக்குதா?’ என்று கேட்டால் பதில் சொல்வார். ஒரு மாணவன் முரட்டுத்தனமாக அமுக்கினால் கையைத் தட்டிவிடுவார். நல்ல ஆசிரியராக இருந்தால், ‘ஐயா, பசங்க கொஞ்சம் பார்க்கலாமா?’ என்று முதலில் அனுமதி கேட்பார். கத்துக்குட்டிகள் தள்ளி நிற்கலாம், நோயாளி அறையை விட்டுப் போகவில்லை. காகிதக் கேஸில் அவரைத்தான் முதலில் வெளியே அனுப்பிவிடுகிறார்கள்.

இங்கே ஒரு தர்மசங்கடமான கேள்வி இருக்கிறது. அடுத்தவர் வீட்டில் தண்ணீர் புகுந்ததை எடுத்து நமக்குப் பாடமாக வைத்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை? அந்த ராத்திரியை மூன்றாவது வரிசைப் பெண் அனுபவித்தாள். நாற்பது பேர் அதை வைத்து மார்க் வாங்குகிறோம். என் தொழிலிலும் இதே சங்கடம்தான். தண்ணீர் வடியாத வீட்டு வாசலில் மைக்கை நீட்டுகிறவர்கள் நாங்கள். கூடாது என்று நிறுத்திவிடலாமா? அப்படி நிறுத்தினால் அந்த ராத்திரி வீணாகப் போகும். அடுத்த முறை ஷட்டர் பக்கத்தில் நிற்பவன் ஒன்றும் தெரியாமல் நிற்பான். ஆகவே எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். எடுத்துக்கொண்டால், எடுத்த இடத்துக்கு ஒரு பாக்கி இருக்கிறது. குறைந்தபட்சம் அந்த வீட்டுக்காரரும் கேஸில் ஒரு ஆளாக, கேள்வி கேட்கிறவராக, இருக்க வேண்டும். அவர் கேட்கிற கேள்வியை நாற்காலிக்காரர் கேட்டிருக்கவே மாட்டார் என்பதற்கு அன்றைய வகுப்பே சாட்சி. ஒன்றரை மணி நேரத்தில் வந்த மிக நல்ல நிர்வாகக் கேள்வி, ‘யார் வந்து சொல்லணும்?’ என்பதுதான். உருக்கத்துக்காக அவர்களைச் சேர்க்கச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாமல் போட்ட கணக்கு, நஷ்டஈட்டை மறந்த ஷட் டவுன் கணக்கு மாதிரி, விடையே தப்பு.

கிண்டியில் இதற்கு ஒரு முன்மாதிரிகூட உண்டு. 1794ல் எட்டே மாணவர்களோடு கோட்டைப் பக்கம் சர்வே பள்ளிக்கூடமாக ஆரம்பித்து, 1920ல் இங்கே குடிவந்து, இன்றைக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழே இருக்கிறதே, அந்த இன்ஜினீயரிங் கல்லூரி. சர்வே என்கிற வித்தையின் அடிப்படையே, நிலத்தைத் தெரிந்துகொள்ள நிலத்தில் நடக்க வேண்டும் என்பதுதான். ஒரு இடத்தில் நின்று பார்த்து வரைந்த வரைபடத்தை எந்த சர்வேயரும் நம்ப மாட்டார். இன்னொரு முனைக்குப் போய், அங்கிருந்து திரும்பிப் பார்த்து, இரண்டு கோணமும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பார். அடையாறு அந்தக் கல்லூரிக்குப் பக்கத்திலேயேதான் ஓடுகிறது. ஈக்காட்டுத்தாங்கல் பாலத்தில் போய்ப் பத்து நிமிஷம் நின்றால் போதும், ‘தாழ்வான பகுதிகள்’ என்பது எத்தனை ஜன்னல் என்று எண்ணிவிடலாம்.

அன்று வகுப்பு முடிந்து கிண்டி ஸ்டேஷன் பக்கம் டீ குடிக்கும்போது நண்பர் கொஞ்சம் நொந்துதான் போயிருந்தார். ‘அந்தப் பொண்ணு அங்க இருக்கும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?’ என்றார். தெரிந்திருந்தால் இந்தக் கேஸை நடத்தியிருக்க மாட்டேன் என்பது அதன் அர்த்தம். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, ‘நடத்தியிருக்கணும். ஆனா வேற மாதிரி எழுதியிருக்கணும்’ என்றார். டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து போன். அடுத்த பேட்சுக்குக் கேஸை மாற்றி எழுதியிருக்கிறாராம். நான்கு பக்கத்தோடு ஐந்தாவது பக்கம். அந்தப் பெண்ணிடமே கேட்டு, அவள் சரி பார்த்து, பெயர் போடாமல் சேர்த்தது. வகுப்பின் முதல் முக்கால் மணி நேரம் பழைய கேஸ். அப்புறம்தான் ஐந்தாவது பக்கத்தைக் கொடுப்பார். ‘அதே ராத்திரி. நீங்கள் ஜாஃபர்கான்பேட்டையில் கீழ் வீட்டில் இருக்கிறீர்கள். கரன்ட் இல்லை. தண்ணீர் முதல் படி ஏறியிருக்கிறது. பாட்டியால் நடக்க முடியாது. போனில் கொஞ்சம்தான் சார்ஜ் இருக்கிறது, ஒரு கால் பேசலாம். யாரைக் கூப்பிடுவீர்கள்? அவரிடம் என்ன கேட்பீர்கள்?’ பிறகு கடைசியாக: ‘இப்போது முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள். உங்கள் முடிவில் ஏதாவது மாற்றுவீர்களா?’

‘என்ன சொன்னாங்க?’ என்றேன்.

முக்கால்வாசிப் பேர் 100 என்றார்களாம். மாநகராட்சியின் 1913 தெரிந்தவர்கள் ஆறு பேர். பேரிடருக்கென்றே இருக்கிற 1070ம் 1077ம் யாருக்கும் தெரியவில்லை. ஒருவன், போனை வைத்துவிட்டு மாடி வீட்டுக் கதவைத் தட்டுவேன் என்றானாம். அதற்கு மேல் மாடி வீட்டுக்காரர் கதவைத் திறப்பாரா, எத்தனை பேருக்கு இடம் கொடுப்பார் என்று விவாதம் கிளம்பி, முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போவதற்குள் எட்டே முக்கால் ஆகிவிட்டதாம். திரும்பிப் போனதும் முதலில் எழுந்தவள், ‘ஷட்டரைத் தொடறதுக்கு முன்னாடி எத்தனை மணி நேரம் அவகாசம் கொடுக்கணும்னு முதல்ல முடிவு பண்ணுவேன் சார், எவ்வளவு திறக்கறதுங்கறது அப்புறம்’ என்றாளாம்.

‘நல்லாத்தான் போச்சு. ஆனா அன்னிக்கு இன்வென்ட்டரி கன்ட்ரோல் முடிச்சிருக்கணும். போர்ஷன் அப்படியே நிக்குது. வீட்ல படிச்சுக்கங்கன்னு சொல்லிட்டேன்’ என்று அலுத்துக்கொண்டார் நண்பர்.